ஒளியும் முதுகெலும்பும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. முதுகுவலியையும் அவற்றோடு சேர்த்துக் கூறியிருப்பின் அதனை மறுப்பார் ஒருவரும் இரார். மயிலாப்பூர் மாட வீதிகளில் நாடோறும் நடந்துவரும் முதியோர், தியாகராய நகரிற் காலை முதல் இரவு வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டும் கடைச் சிப்பந்திகள், அடையாற்றிலிருந்து பழைய மாமல்லபுரச் சாலை வழியே சென்று கணிப்பொறியின் முன் பத்து மணி நேரம் கூனி அமரும் இளைஞர், மார்கழிக் கச்சேரியை நோக்கிச் சம்மணமிட்டு மிருதங்கம் பயிலுவோர், திருவான்மியூரில் அரைமண்டியில் நின்று நாட்டியம் பழகும் மாணவியர் ஆகிய இவருள் ஒரு நாளேனும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்று உட்காராதவர் மிகச் சிலரே ஆவர்.

இவ்வலிக்குப் பரிகாரம் தேடிய நம் முன்னோர் கண்ட வழிகள் பல. நல்லெண்ணெயைக் காய்ச்சிச் சுளுக்கு நீவுதல், உலக்கையை முதுகின்மேல் உருட்டுதல், பிறக்கும்பொழுது கால் முன்னாகப் பிறந்தவரைக் கொண்டு இடுப்பில் மெல்ல உதைக்கச் செய்தல் முதலியவற்றைக் கிராமங்களில் இன்றும் காணலாம். சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவாகிய வர்மம் அறிந்தோரிடம் செல்வோர் உளர். "புத்தூர்க் கட்டு" என்று எழுதிய பலகைகள் சென்னையின் ஒவ்வொரு பேட்டையிலும் தொங்குகின்றன. இப்பலகைகளுக்கு நடுவே அண்மைக் காலத்திற் புதிய பலகைகள் சில தோன்றியுள்ளன. "கைரோபிராக்டிக் முதுகெலும்புச் சிகிச்சை", "லேசர் ஒளியால் வலி நிவாரணம்" என்பன அவற்றிற் காணும் சொற்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒருங்கே அளிப்பாரும் உளர்.

இப்புதிய சிகிச்சையைப் பற்றி யான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர் சித்திரக்குளத்தின் அருகில் வசிக்கின்றார். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதி வருகின்றார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு நடு முதுகில் வலி கண்டது. நாற்காலியின் குற்றமென்று முதலில் நாற்காலியை மாற்றினார். பின்னர்ப் படுக்கையை மாற்றினார். இறுதியில் ஒளிச் சிகிச்சை நிலையம் ஒன்றிற்குச் சென்று பத்து நாளைக்குரிய கட்டணத்தை முன்னதாகவே செலுத்திவிட்டு என்பால் வந்து, "ஏனப்பா, நீ விஞ்ஞானம் படித்தவனாயிற்றே; வெறும் வெளிச்சம் வலியைப் போக்குமா?" என்று வினவினார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் அவருக்கு நேர்ந்தது இன்னதென்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியிற் கூறுவேன். அவ்வினாவிற்கு விடை காண்பதே இங்கு முதற்கண் நம் கடமை.

கைரோபிராக்டிக் என்பது கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பட்ட சொல். "கையாற் செய்வது" என்பது அதன் பொருள். அமெரிக்காவில் அயோவா மாகாணத்து டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895-ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கினார். செவிப்புலன் குன்றிய ஹார்வி லில்லார்டு என்னும் பணியாளரின் முதுகெலும்பில் ஓரிடத்தைத் தாம் அழுத்திச் சீர்ப்படுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்று பாமர் கூறினார். 1897-இல் அவர் ஒரு பள்ளியையும் நிறுவினார். முதுகெலும்புக் கணுக்கள் தம் நிலையினின்றும் சிறிது பிறழ்வதே பெரும்பான்மையான நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. இக்கொள்கைக்குப் பிற்கால ஆராய்ச்சி ஆதரவு தரவில்லை. அத்தொழிலினருள்ளேயே பலர் இன்று அதனைக் கைவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு ஆகியவற்றின் வலியை மட்டுமே தம் எல்லையாகக் கொண்டுள்ளனர்.

அவர்கள் செய்வதென்ன? விறைத்த மூட்டினைக் கையாற் பற்றி, அது தானே அசையக்கூடிய எல்லைக்குச் சற்று அப்பால் விரைவாகவும் சிறிதளவாகவும் தள்ளுகின்றனர். அப்பொழுது "டக்" என்றோர் ஒலி எழும். எலும்பு தன் இடத்தில் வந்து பொருந்திய ஒலி அது என்று நோயாளர் மகிழ்கின்றனர். உண்மை அஃதன்று. மூட்டினுள் உள்ள நீரில் அழுத்தம் திடீரெனக் குறைய, அதிற் கரைந்துள்ள வாயு பிரிந்து ஒரு சிறு வெற்றிடம் தோன்றுகின்றது. விரல்களை நெட்டி முறிக்கும்பொழுது இது நிகழ்வதை 2015-ஆம் ஆண்டிற் கானடா நாட்டு ஆல்பெர்ட்டா பல்கலைக் கழகத்தார் எம்.ஆர்.ஐ. படத்தின் வாயிலாகவே கண்டு வெளியிட்டனர். ஆகவே, ஒலி எழுந்ததும் எழாததும் குணத்திற்கு அளவுகோல் ஆகா.

இம்முறையால் நன்மை உண்டோ எனின், ஓரளவு உண்டு. நாட்பட்ட இடுப்புவலியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், தேகப் பயிற்சி, நோயாளருக்கு விளக்கிக் கற்பித்தல் என்பனவற்றோடு முதுகெலும்பைக் கையாற் சீர்ப்படுத்தும் சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. இடுப்புக் கச்சையும், இழுவைச் சிகிச்சையும், அல்ட்ராசவுண்டு என்னும் நுண்ணொலிச் சிகிச்சையும் வழக்கமாக அளிக்கத்தக்கன அல்ல என்று அதே நெறிமுறை கூறுவது கவனிக்கற்பாலது. எனினும் தீங்கு அறவே இல்லை என்றும் கூறுதற்கில்லை. எலும்பு நொய்ந்துபோன முதியோருக்கு முறிவு நேரலாம். கழுத்தை விரைந்து திருப்பியதன்பின், அரிதாயினும், மூளைக்கு உதிரம் செலுத்தும் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் கண்டவர் உளர்.

இந்தியாவிற் கைரோபிராக்டிக் தொழிலுக்கெனத் தனிச்சட்டமும் பதிவுக் கழகமும் இல்லை. இயன்முறை மருத்துவர்களோ 2021-ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் ஒன்றின்கீழ் வருகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நூலில், இத்தொழிலை முழுமையாகப் பயில நான்காண்டுகளில் 4,200 மணி நேரத்திற்குக் குறையாத போதனை வேண்டும் என்று வரையறுத்தது. சில வாரப் பயிற்சி பெற்றவரும் அதே பெயர்ப் பலகையைத் தொங்கவிடக் கூடுமாதலின், கை வைப்பவர் எங்கு, எத்துணைக் காலம் பயின்றார் என்று வினவுவது நோயாளரின் உரிமை. அது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி ஒளியைப் பற்றிப் பார்ப்போம். ஒளியால் நோய் தீர்த்தல் புதுமையன்று. டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் ஃபின்சென் என்னும் வைத்தியர், தோலைப் பற்றும் காசநோயை ஒளிக்கற்றையால் ஆற்றியமைக்காக 1903-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். லேசர் என்னும் தனிவகை ஒளிக்கு அடிப்படையான கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் வெளியிட்டார். கிளர்ச்சியுற்றிருக்கும் அணுவொன்றின்மேல் அதற்கேற்ற ஒளித்துகள் ஒன்று சென்று பட்டால், அவ்வணு தன்னிடமுள்ள சக்தியை அதே போன்ற இன்னோர் ஒளித்துகளாக வெளியிடும் என்பது அக்கருத்து. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஒளி பெருகும். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மேமன் கெம்புக் கல்லைக் கொண்டு முதல் லேசர்க் கருவியை இயக்கிக் காட்டினார்.

விளக்கொளி பல நிறங்கள் கலந்தது, நாற்புறமும் சிதறுவது. லேசர் ஒளியோ ஒரே நிறத்தது. அதன் அலைகள் யாவும் அணிவகுத்துச் செல்லும் படையினரைப்போல் ஒருங்கே அடியெடுத்து வைப்பன. ஆதலின் அதனை ஒரு சிறு புள்ளியிற் குவித்தல் இயலும். சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவராயிருந்த சர் சி. வி. இராமன் 1928-இற் கல்கத்தாவில் தம் பெயரால் வழங்கும் ஒளி விளைவைக் கண்டறிந்தபொழுது அவருக்கு இத்தகைய ஒளி கிடைத்திலது. இன்று இராமன் விளைவை ஆராயும் கருவிகளில் லேசரே பயன்படுகின்றது.

மருத்துவத்தில் இருவகை லேசரை நாம் வேறு பிரித்து அறிதல் வேண்டும். 1978-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சங்கர நேத்திராலயா முதலாகச் சென்னையிலுள்ள கண் மருத்துவமனைகளில், நீரிழிவினாற் கெட்ட விழித்திரைக்கு அளிக்கப்படும் லேசர் சுட்டு வடுவாக்குவது. அதன் பயன் அதன் வெம்மையில் உள்ளது. வலிக்கு அளிக்கப்படும் லேசர் சுடுவதற்கென்று அமைந்ததன்று. உயிரணுக்களைத் தூண்டுவதற்கென்று அமைந்தது. முன்னதைக் கண்டு பின்னதற்கும் அதே வல்லமை உண்டென எண்ணுவதும், அதே அச்சத்தைக் கொள்வதும் தவறாகும்.

இத்தூண்டும் தன்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. அங்கேரி நாட்டுத் தலைநகராகிய புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவப் பேராசிரியர், லேசரால் எலிகளின் உடலிலுள்ள கட்டிகளை அழிக்க முயன்றார். அவர் கையிலிருந்த கருவி வலி குறைந்தது, கட்டிகள் அழியவில்லை. ஆனால், மயிர் மழிக்கப்பட்ட எலிகளுள் ஒளி பட்டவற்றிற்கு மயிர் விரைவில் வளர்ந்ததை அவர் கண்டார். 1967-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தது. பின்னர் ஆறாத புண்களுக்கும் அவர் இவ்வொளியைப் பயன்படுத்தினார். தோற்ற முயற்சியினின்றும் ஒரு துறை பிறந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஒளி உடலினுட் செய்வது யாது? நம் உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணுறுப்புகள் உள. அவற்றை அணுவின் அடுப்பு எனலாம். உணவின் சாரமும் பிராணவாயுவும் சேர்ந்து அணுவிற்கு வேண்டிய சக்தி பிறப்பது அவ்விடத்தே. அங்குள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி சிவப்பு ஒளியையும், அதற்கு அடுத்துள்ள கட்புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் ஏற்கும் இயல்பினது. நலிந்த அணுக்களில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு இந்நொதியைப் பற்றி அதன் வேலையைத் தடுப்பதாகவும், ஒளி பட்டதும் அப்பற்று நீங்கிச் சக்தி உற்பத்தி மீண்டும் பெருகுவதாகவும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். விடுபட்ட வாயு சிறு இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். இவற்றின் பயனாக வீக்கம் தணிதலும், வலி உணர்த்தும் நரம்புகளின் வேகம் குறைதலும் நிகழக்கூடும். இவ்விளக்கம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து அணுக்களையும் விலங்குகளையும் கொண்டு எழுந்தது. மனிதன் முதுகினுள் இவையனைத்தும் அவ்வண்ணமே நிகழ்கின்றன என்று உறுதியாகக் கூறுவது அவசரமாகும்.

ஏனெனில் முதுகு தடித்தது. இச்சிகிச்சைக்குரிய ஒளி ஏறத்தாழ 600 முதல் 1,000 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையது. உதிரமும் நீரும் ஒளியை மிகுதியாக விழுங்காத இடைவெளி இதுவாகலின் இதனைத் தேர்ந்தனர். அவ்வாறாயினும், தோலைக் கடக்கும்பொழுதே பெரும்பகுதி சிதறி மறைகின்றது. ஆழம் செல்லச் செல்ல எஞ்சுவது மிகச் சிறிதளவே. விரல் மூட்டிற்கும் குதிகால் நாணுக்கும் ஒளி எட்டுவது எளிது. பல சென்டிமீட்டர் ஆழத்தில் தசைகளுக்கு அடியிற் கிடக்கும் முதுகெலும்பிடைத் தட்டினை எட்டுவது அரிது. தட்டு விலகியதை ஒளியால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று எவரேனும் கூறின், அக்கூற்றை நம்புதல் வேண்டா. மேலும், தோலின் கருநிறப் பொருள் ஒளியை ஏற்று வெம்மையாக்கும் இயல்பினது. ஆதலின் நம் நாட்டினர்க்கு வலிமை மிக்க கருவியைப் பயன்படுத்துவோர், வெளிறிய தோலினர்க்கென எழுதிய அளவை அப்படியே கொள்ளாது கவனம் செலுத்துதல் வேண்டும்.

அளவின் கணக்கை மாணவர் எளிதில் அறியலாம். ஒளியின் வலிமையை வாட்டுகளாலும், கொடுத்த சக்தியை ஜூல்களாலும் குறிப்பர். வாட்டை வினாடியாற் பெருக்கின் ஜூல் கிடைக்கும். 100 மில்லிவாட்டுக் கருவியை ஓரிடத்தில் 40 வினாடி வைத்தால் 4 ஜூல் செல்லும். அதே 4 ஜூலை 10 வாட்டுக் கருவி ஒரு வினாடியிற் பாதிக்கும் குறைந்த நேரத்திற் கொடுத்துவிடும். 500 மில்லிவாட்டிற்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. அவை தோலைச் சுடக்கூடுமாதலின் ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டவற்றுள்ளும் பல கண்ணுக்குக் கேடு செய்வன. அகச்சிவப்பு ஒளி நமக்குத் தோன்றாமையின், கண் கூசி இமை மூடுவதும் இல்லை. ஆகவே சிகிச்சை நடக்கும் அறையில் நோயாளரும், சிகிச்சை செய்பவரும், உடன் சென்றவரும் அதற்குரிய மூக்குக்கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. கண்ணாடி கொடாத இடத்தினின்றும் எழுந்து வந்துவிடுதல் நலம்.

இன்னுமொரு விந்தை உண்டு. மிகக் குறைந்த ஒளியாற் பயனில்லை; தக்க அளவினாற் பயன் உண்டு; அளவை மீறினாலோ பயன் மறைகின்றது. செடிக்கு நீர் வார்ப்பதை இதற்கு உவமை கூறலாம். "எங்கள் கருவி பிறருடையதைக் காட்டிலும் நூறு மடங்கு வலிமை வாய்ந்தது" என்னும் விளம்பரம், இத்துறையில், தானாகவே ஒரு சிறப்பு ஆகாது.

இனி, சோதனைகள் கூறுவதென்ன என்று காண்போம். முதுகுவலியைப் பற்றிய எந்தச் சிகிச்சையை எடைபோடுவோரும் ஒன்றை மறத்தல் ஆகாது. திடீரெனக் கண்ட முதுகுவலியிற் பெரும்பாலானவை சில வாரங்களில் எது செய்யினும், ஒன்றும் செய்யாதிருப்பினும், தணிவன. வலி உச்சத்தில் இருக்கும்பொழுதே நாம் வைத்தியரைத் தேடுகின்றோமாதலின், அதன்பின் அது குறைவது இயற்கை. அப்புகழ் கடைசியாகச் செய்த சிகிச்சைக்குப் போய்ச் சேர்கின்றது. ஆகவே மெய்யான ஒளி பெற்றோரையும், அணைந்த கருவியால் ஒளி பெற்றதாக எண்ணச் செய்யப்பட்டோரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குப் புலனாகாமை இவ்வகைச் சோதனைக்கு மிக வசதியானது.

அவ்வாறு செய்த சோதனைகளுள் கழுத்துவலியைப் பற்றியவை நம்பிக்கை அளிப்பன. 2009-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில், 820 நோயாளர் அடங்கிய 16 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. குறைவலிமை லேசரால் நாட்பட்ட கழுத்துவலி குறைவதும், சிகிச்சை முடிந்தபின் 22 வாரம் வரை அந்நன்மை காணப்பட்டதும் அதன் முடிவு. இடுப்புவலியைப் பற்றிய சான்று இத்துணை வலியதன்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைகளை நாடுமுன் முயலத்தக்கவற்றுள் தேகப் பயிற்சி, யோகாசனம் முதலியவற்றோடு குறைவலிமை லேசரையும், முதுகெலும்பைச் சீர்ப்படுத்தும் கைச்சிகிச்சையையும் சேர்த்துள்ளது. ஆனால், அவ்விரண்டிற்கும் உள்ள சான்று தரத்திற் குறைந்தது என்பதையும் அந்நெறிமுறை மறைக்கவில்லை.

லேசரின் தூண்டும் ஒளிக்கு மிக உறுதியான சான்று வேறோரிடத்தில் உள்ளது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தோன்றிய புற்றுநோய் நிலையத்தை அறியாதார் நம்முள் இலர். தலை, கழுத்துப் பகுதிகளிற் புற்றுநோய் கண்டு கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கு வாயெல்லாம் புண்ணாகி உணவு விழுங்க இயலாத துன்பம் நேர்வதுண்டு. அப்புண் தோன்றாமற் காக்க இவ்வொளியைத் தக்க அளவிற் பயன்படுத்தலாம் என்று சர்வதேச நிபுணர் குழுவினர் 2020-ஆம் ஆண்டு நெறிமுறையிற் பரிந்துரைத்துள்ளனர். வாயின் உட்தோல் மெல்லியது. ஒளி எளிதில் எட்டும். முதுகு அத்தகையதன்று. ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பயனைப் பிறிதோரிடத்திற்கு ஏற்றிக் கூறுவதில் உள்ள தவற்றை இதனால் அறியலாம்.

கைச்சிகிச்சையோடு ஒளியைச் சேர்ப்பதன் கருத்து எளியது. வலியாற் தசைகள் இறுகியிருக்கும்பொழுது மூட்டை அசைப்பது கடினம். முதலில் ஒளியால் வலியைச் சிறிது தணித்து, பின்னர் மூட்டை நெகிழச் செய்து, அந்நெகிழ்ச்சி நீங்குமுன் பயிற்சியைத் தொடங்குவது அம்முறை. நம் கல்லூரி மைதானத்தில் ஹாக்கி ஆடிக் கணுக்கால் பிறழ்ந்த மாணவனுக்கும் இதுவே பொருந்தும். முறிவு இல்லையெனத் தெளிந்தபின், வலியைத் தணிக்கும் எவ்வழியும் அவனை விரைவில் மெல்ல நடக்கச் செய்வதற்கே பயன்படுதல் வேண்டும். மூன்றனுள் நிலையான பயன் தருவது மூன்றாவதாகிய பயிற்சியே. முன்னிரண்டும் அதற்குக் கதவு திறப்பன. கதவைத் திறந்துவிட்டு உள்ளே செல்லாது திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவனைப்போல், பயிற்சியை விட்டு ஒளியை மட்டும் நாடுவோர் மாதந்தோறும் அதே வலியோடு அதே வாயிலிற் காத்திருப்பர்.

நிற்க. என் நண்பரின் வரலாற்றிற்கு வருகின்றேன். பத்து நாள் ஒளியும் கைச்சிகிச்சையும் பெற்றார். முதல் நான்கு நாள் சுகம் என்றார். பின்னர் வலி முன்னினும் மிகுந்தது. அந்நிலையத்தார் இன்னும் பத்து நாள் வேண்டும் என்றனர். அதற்கும் பணம் செலுத்தினார். படுத்தாலும் வலி தணியவில்லை. நள்ளிரவில் எழுந்து குளக்கரையில் உலாவுவார். மாலைதோறும் உடம்பு சற்றே கனன்றது. சட்டை தொளதொளத்தது. "முதுகுவலிக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவரும் கேட்கவில்லை; அங்கு எவரும் அவரைக் கேட்கவில்லை; யானும் கேட்டிலேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். ஒரு நாட் காலையில் மாடிப்படி ஏறும்பொழுது அவருடைய வலக்கால் தடுமாறிற்று. அன்றே அவருடைய தமக்கையார் அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். எம்.ஆர்.ஐ. படமும், ஊசியால் எடுத்த சதைத் துணுக்கும் உண்மையை வெளியிட்டன. அவருடைய முதுகெலும்பின் இரு கணுக்களைக் காசநோய் அரித்திருந்தது.

காசம் நுரையீரலை மட்டுமே பற்றும் என்று எண்ணுவோர் பலர். முதுகெலும்பையும் அது பற்றும். காலங்கடந்தால் கால்கள் செயலற்றுப் போகும். இந்நோயை வெல்லும் வழியில் உலகுக்கே பாடம் கற்பித்த நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. 1956-இற் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்று இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையமாக விளங்கும் நிறுவனத்தார், நோயாளர் சானடோரியத்திற் படுத்திராமல் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியால் மெய்ப்பித்தனர். பின்னர் முதுகெலும்புக் காசத்தையும் ஆராய்ந்து, கால்கள் செயலிழக்குமுன் கண்டுபிடிக்கப்பட்டவருட் பெரும்பாலார் பெரிய அறுவைச் சிகிச்சையின்றி, நடமாடிக்கொண்டே மருந்துண்டு நலமடைதலைக் காட்டினர். இத்துணைப் பெருமை வாய்ந்த நகரில், அந்நிலையத்திற்குச் சில மைல் தொலைவில், என் நண்பர் இருபது நாள் ஒளியின்கீழ்ப் படுத்திருந்தார். ஒளி அவருக்குத் தீங்கு செய்யவில்லை. வீணாகிய காலமே தீங்கு செய்தது. அரிக்கப்பட்ட கணுக்களைக் கையால் தள்ளியதோ பேராபத்தாய் முடிந்திருக்கக் கூடும். இறையருளால் அவர் ஓராண்டு மருந்துண்டு குணமடைந்தார். இன்று மாட வீதியைச் சுற்றி வருகின்றார். சற்றே கூன் மட்டும் எஞ்சியுள்ளது.

ஆகவே, முதுகுவலி உடையார் எவரும் கையையோ ஒளியையோ நாடுமுன் சில குறிகளைத் தம்மிடமே சோதித்துக்கொள்ளல் வேண்டும். இரவிற் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், முன்னர்ப் புற்றுநோய் கண்டிருத்தல், விழுந்து அடிபட்டமை, நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உண்டமை, காலில் வலுக்குறைவு, ஆசனப் பகுதியில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடங்காமை அல்லது வெளிப்படாமை என்பன அவை. இவற்றுள் ஒன்றிருப்பினும் முதலிற் செல்லவேண்டிய இடம் மருத்துவமனையே. இறுதியிற் கூறிய இரண்டும் இருப்பின் ஒரு மணி நேரமும் தாமதித்தல் ஆகாது. கண்ணின்மேலும், புற்றுக்கட்டி உள்ள இடத்திலும், கருவுற்றோர் வயிற்றின்மேலும் வலிக்குரிய லேசரைப் பாய்ச்சுதல் கூடாது. ஒளிபட்டாற் தோல் வெந்துபோகச் செய்யும் மருந்துகள் சில உள. டாக்சிசைக்ளின் அவற்றுள் ஒன்று. உண்ணும் மருந்துகளை மறையாது கூறுதல் வேண்டும்.

இக்குறிகள் இல்லாதவர், விரும்பின், இச்சிகிச்சையை முயலலாம். அங்ஙனம் செல்வோர் சிகிச்சை அளிப்பவரிடம் கேட்கவேண்டியவை ஐந்து. தாங்கள் எங்குப் பயின்றீர்கள்? என் வலிக்குக் காரணம் யாதெனக் கருதுகின்றீர்கள்? ஒளியின் அலைநீளமும், ஓரிடத்திற்குக் கொடுக்கும் ஜூல் கணக்கும் எவ்வளவு? எத்தனை முறைக்குள் பயன் தெரியாவிடில் நிறுத்துவீர்கள்? வீட்டில் யான் செய்யவேண்டிய பயிற்சி யாது? தொழில் அறிந்தவர் இவற்றிற்கு மகிழ்ச்சியோடு விடை தருவர். நான்காவது வினாவிற்கு விடையில்லாத இடத்தில் முன்பணம் செலுத்துதல் வேண்டா.

"வெறும் வெளிச்சம் வலியைப் போக்குமா?" என்று நண்பர் அன்று கேட்டதற்கு இன்று யான் கூறும் விடை இது. சில வலிகளைச் சிறிது காலம் சிறிதளவு தணிக்கும். கழுத்தில் அதற்குச் சான்று சற்று மிகுதி, இடுப்பிற் குறைவு. அது பயிற்சிக்குத் துணையாகுமேயன்றிப் பயிற்சிக்கு ஈடாகாது. நோய் இன்னதென்று ஆராய்வதற்கும் ஈடாகாது. என் நண்பர் இவ்விடையைக் கேட்டுச் சிரித்து, "வெளிச்சத்தை முதுகின்மேல் அடிக்குமுன், முதுகில் என்ன இருக்கிறதென்று பார்க்க ஒருமுறை அடித்திருக்கலாம்" என்றார். இம்மலரைப் படிக்கும் மாணவர் தம் பெற்றோருக்கோ பாட்டனாருக்கோ முதுகுவலி கண்டவிடத்து, மாலையிற் காய்ச்சல் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பாராயின், அதுவே யான் இக்கட்டுரையால் விரும்பிய பயனாகும்.